இருபத்தாறு முள் கயிறு

எல்லோரும் வந்தாச்சா? சரி, கேளுங்கள். ஒரு காட்டில், மழை ஓய்ந்து மண் பொதபொதவென்று இருந்த ஒரு காலத்தில், ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் இருந்தது.

அப்பா முள்ளம்பன்றிக்குச் சலங்கையன் என்று பெயர். நடந்தால் முதுகு முட்கள் சலசலவென்று உரசும், அதனால் அந்தப் பெயர். தனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று அது ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. மகளுக்கு நுணா என்று பெயர். மனதில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துவிட்டால், பதில் கிடைக்கும் வரை அதற்குத் தீனி இறங்காது. அம்மா முள்ளம்பன்றி குட்டி போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வளைக்குள் இரண்டு குட்டிகளை அணைத்துக்கொண்டு படுத்திருந்தது.

மேட்டில் அவர்களுக்கு ஒரு கிழங்கு நிலம். மழை முடிந்ததும் கொடி நடுவார்கள். கோடையில் காடு காய்ந்து போனால், அந்தக் கிழங்கைத் தின்றுதான் உயிர் பிழைப்பார்கள். வேறு போக்கிடம் கிடையாது.

அந்தக் காட்டில் நிலத்தை அளப்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கொடியைத் திரித்துக் கயிறாக்குவார்கள். முள்ளம்பன்றி முள் ஒன்றின் நீளத்துக்கு ஒரு முடிச்சு போடுவார்கள். அந்தக் கயிற்றை நிலத்தைச் சுற்றிப் போட்டு முடிச்சை எண்ணுவார்கள். யார் கயிறு நீளமோ அவருக்கு நிலம் பெரிது. அவ்வளவுதான் கணக்கு. வேறு மாதிரி யாரும் அளந்து பார்த்ததில்லை.

அன்று காலை நுணா ஒரு தேக்கிலையைக் கவ்விக்கொண்டு அப்பாவின் பின்னாலேயே சுற்றியது.

"அப்பா, வீட்டுப்பாடம். வாத்தியார் உச்சி வெயிலுக்கு அப்புறம் கேட்பார்."

மரங்கொத்திதான் அங்கே வாத்தியார். முந்தின நாள் எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே கணக்கைத்தான் கொடுத்திருந்தார். 'உங்கள் வீட்டு நிலம் ஒரு செவ்வகம். அதன் பரப்பளவைக் கண்டுபிடித்து வாருங்கள்.'

"பூ, இவ்வளவுதானா?" என்றது சலங்கையன். "நீளம் எவ்வளவு?"

"ஏழு முள்."

"அகலம்?"

"அஞ்சு முள்."

"ஏழும் அஞ்சும் பன்னிரண்டு. அந்தப் பக்கமும் ஒரு பன்னிரண்டு. ஆக இருபத்துநாலு. எழுதிக்கோ, போ."

நுணா எழுதவில்லை. "அது சுற்றளவுப்பா. வாத்தியார் உள்ளே எவ்வளவுன்னு கேட்டார்."

"உள்ளே என்ன இருக்கு?"

"மண்ணு."

"மண்ணை எவனாவது அளப்பானா? உங்க வாத்தியார் மரத்தையே கொத்திக் கொத்தி மண்டை கலங்கிப் போயிருக்கார்."

"இல்லப்பா. தேக்கிலையை ஒரு முள் நீளம், ஒரு முள் அகலத்துக்குக் கிள்ளணுமாம். நடுவுல இடம் விடாம, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம நிலம் முழுக்கப் பரப்பணுமாம். எத்தனை இலை பிடிக்குதோ அதுதான் பரப்பளவாம்."

"இலை பரப்புற வேலையைக் காத்து பார்த்துக்கும். நான் எத்தனை வளை தோண்டியிருக்கேன் தெரியுமா? எனக்கே கணக்குச் சொல்றியா?"

சலங்கையன் திரும்பி மேட்டுப் பாறையைப் பார்த்தது. பாறையின் நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. அது சட்டென்று தன் கயிற்றை எடுத்து முதுகில் சுற்றிக்கொண்டது.

"நேரமாச்சு. இரு, இருபத்துநாலுன்னும் எழுத வேண்டாம். இருபத்தாறுன்னு எழுது."

"ஏன்பா?"

"உச்சி வெயிலுக்கு அப்புறம் இது நம்ம நிலமே இல்லை."

நுணாவின் வாயிலிருந்து இலை விழுந்தது.

சலங்கையன் பெருமையோடு சொன்னது. "கோரையன் பெரியப்பா இருக்காரில்ல, அவர் ஓடைக்கரை நிலத்தை நமக்குத் தர்றார். நம்ம நிலத்தை அவருக்குக் கொடுக்கிறோம். நம்ம கயிறு இருபத்துநாலு. அவர் கயிறு இருபத்தாறு. ரெண்டு முள் நமக்கு லாபம். 'குட்டி போட்ட வீடு, நீயே பெரிசை வச்சுக்கோ பங்காளி'ன்னு கண்ணுல தண்ணி விட்டுட்டார்."

கோரையன் ஒரு காட்டுப்பன்றி. அதன் வாயில் எப்போதும் இனிப்பான பேச்சு இருக்கும். மூக்கு மட்டும் அடுத்தவர் நிலத்தை முகர்ந்துகொண்டே இருக்கும்.

"அந்த நிலம் எப்படி இருக்கும்பா?"

"ஓடையை ஒட்டி நீளமா இருக்கும். பன்னிரண்டு முள் நீளம்! நம்மது ஏழுதான்."

"அகலம்?"

"ஒரு முள். அதனால என்ன? சுத்தி வந்தா இருபத்தாறு. யானையார் முளை அடிக்க வந்துடுவார், நான் போறேன்."

சலங்கையன் சலசலவென்று இறங்கிப் போய்விட்டது.

முளை அடிப்பது என்றால் என்ன தெரியுமா? அந்தக் காட்டில் நிலம் கைமாறினால், யானையார் அதன் நாலு மூலையிலும் நாலு முளைக்குச்சியைக் காலால் மிதித்து இறக்குவார். மூன்று முளை இறங்கியதும் நின்று, 'சொல் உண்டா?' என்று மூன்று தடவை கேட்பார். இரண்டு வீட்டாரில் யாருக்காவது பேச்சு இருந்தால் அப்போது பேசலாம். நாலாவது முளை இறங்கிவிட்டால் இறங்கியதுதான். கொடுத்தவரே காலில் விழுந்து அழுதாலும் அதைப் பிடுங்க முடியாது.

 நுணா தேக்கு மரத்தடிக்கு ஓடியது.

ஒரு முள் நீளம், ஒரு முள் அகலம். கிள்ளிக் கிள்ளி இலைகளை இழுத்து வந்தது. நிலத்தின் ஒரு ஓரமாக வரிசை வைத்தது. ஏழு இலை பிடித்தது. அதை ஒட்டி இன்னொரு வரிசை. அதற்கும் ஏழு. காற்று ஒரு இலையைத் தூக்கிக்கொண்டு போனது. நுணா துரத்திப் பிடித்து, ஒரு கல்லை வைத்தது. மூன்றாவது வரிசை. நாலாவது. பாறையின் நிழல் இப்போது ஒரு பூனை படுக்கும் அளவுக்குத்தான் இருந்தது.

ஐந்தாவது வரிசை முடிந்ததும் மூச்சு வாங்க எண்ணியது. முப்பத்தைந்து.

பக்கத்திலேயே மண்ணில் நகத்தால் ஒரு கட்டம் கிழித்தது. பன்னிரண்டு முள் நீளம், ஒரு முள் அகலம். இலை வைத்தது. ஒரே ஒரு வரிசை. அதை ஒட்டி இன்னொன்று வைக்க இடமே இல்லை.

பன்னிரண்டு.

நுணா மறுபடி எண்ணியது. மறுபடியும் பன்னிரண்டுதான்.

வளை வாசலுக்கு ஓடிக் குனிந்து கூப்பிட்டது. "அம்மா! போன வருசம் நம்ம நிலத்துல எத்தனை கிழங்கு வந்துச்சு?"

"முப்பத்தஞ்சு," என்றது அம்மா உள்ளேயிருந்து. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கடைசிக் கிழங்கைத் தின்ன அன்னிக்குத்தான் மழை வந்துச்சு. இன்னும் ரெண்டு நாள் தள்ளிப் போயிருந்தா நாம இல்லை. ஏன் கேக்கிற?"

"ஒரு இலை அளவு மண்ணுக்கு ஒரு கொடிதானேம்மா நடுவோம்?"

"ஆமா. நெருக்கி நட்டா கிழங்கு விழாது."

"அப்பா மாத்திக்கப் போற ஓடைக்கரை நிலத்துல பன்னிரண்டு இலைதாம்மா பிடிக்குது."

  அம்மா சட்டென்று தலையைத் தூக்கிச் சொன்னது. 

"பன்னிரண்டு கிழங்கு கோடை முத்துறதுக்கு முன்னாடியே தீர்ந்துடும். நான் இதுகளை விட்டுட்டு வர முடியாது. நீ ஓடு. நாலாவது முளை இறங்குறதுக்கு முன்னாடி ஓடு!"

நுணா ஓடியது.

ஓடைக்கரையில் கூட்டம் கூடியிருந்தது. மயில், மான், மரக்கிளையில் ஒரு குரங்கு, எல்லாம் வேடிக்கை பார்த்தன. நடுவே யானையார் நின்றார். அவர் காலடியில் இரண்டு கயிறுகளும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒரு முளை இறங்கியிருந்தது. இரண்டாவதும் இறங்கியிருந்தது. நுணா கூட்டத்துக்குள் நுழையும்போது மூன்றாவது முளை 'தொம்' என்று இறங்கியது.

"அப்பா!" நுணா சலங்கையனின் காதருகே போய் மூச்சிரைத்தது. "நம்மது முப்பத்தஞ்சுப்பா. இது பன்னிரண்டு."

"நீ ஏன் வந்தே? வீட்டுக்குப் போ."

"உள்ளே பன்னிரண்டுதாம்பா!"

"இருபத்தாறு!" சலங்கையன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது. "நானே முடிச்சை எண்ணினேன்."

கோரையன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது. "அடடே, நுணாக் கண்ணு! பள்ளிக்கூடம் போற பிள்ளை பாருங்க, அப்பனுக்கே கணக்குச் சொல்லித் தர வந்திருக்கு. என்ன பங்காளி, வீட்டுல யார் பெரியவங்க? நீயா, உன் பொண்ணா?"

கிளையிலிருந்த குரங்கு கிளுக்கென்று சிரித்தது. சலங்கையனின் முதுகு முட்கள் எல்லாம் சட்டென்று நிமிர்ந்தன. இனி யார் என்ன சொன்னாலும் அது கேட்காது என்று நுணாவுக்குத் தெரியும். முள் நிமிர்ந்துவிட்டால் அப்பாவின் காது அடைத்துப் போகும்.

"சொல் உண்டா?" என்று கேட்டார் யானையார்.

"இல்லை," என்றது சலங்கையன்.

"இல்லவே இல்லை," என்றது கோரையன்.

நுணா பேச வாயெடுத்தது. என்ன சொல்வது? முப்பத்தைந்து, பன்னிரண்டு என்றால் இங்கே யாருக்குப் புரியும்? எல்லோருக்கும் கயிறுதான் கணக்கு. இலையைப் பரப்பிக் காட்டலாம் என்றால் இலை மேட்டில் கிடக்கிறது. போய் வருவதற்குள் முளை இறங்கிவிடும்.

"சொல் உண்டா?" இரண்டாவது தடவை.

  நுணாவின் கண் யானையாரின் காலடியில் கிடந்த கயிறுகள் மேல் போனது. இருபத்துநாலு முடிச்சு ஒன்று. இருபத்தாறு முடிச்சு ஒன்று.

யானையார் நாலாவது முளைக்கு மேலே காலைத் தூக்கினார். "சொல் உண்டா?"

"உண்டு!"

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. "யார் அது?"

"நான் சலங்கையன் மகள் நுணா."

"வீட்டுப் பிள்ளைக்குப் பேச்சு உண்டு. பேசு. ஆனால் என் கால் ரொம்ப நேரம் நிற்காது."

நுணா கோரையன் முன்னால் போய் நின்றது. பன்றியின் மூக்கு நுணாவின் தலையளவு இருந்தது.

"பெரியப்பா, கயிறு நீளமா இருந்தா நிலம் பெரிசு. அப்படித்தானே?"

"அதிலென்ன சந்தேகம் கண்ணு? அதனாலதானே பெரிசை உங்களுக்குத் தர்றேன்."

"உங்களுக்கு நஷ்டம் வர்றது எனக்குப் பிடிக்கலை பெரியப்பா. எங்க மேட்டு நிலம் இருபத்துநாலுதான். அதுக்குப் பதிலா ஐம்பது முள் கயிறு சுத்துற ஒரு நிலத்தை உங்களுக்குத் தர்றோம். மேட்டு நிலத்தை எங்ககிட்டயே விட்டுடுங்க. இந்த ஓடைக்கரையையும் நீங்களே வச்சுக்கங்க."

கூட்டம் 'ஆ' என்றது.

சலங்கையன் திகைத்துப் போனது. "ஐம்பதா? நம்மகிட்ட ஏது..."

நுணா அப்பாவின் காலை நறுக்கென்று மிதித்தது.

கோரையனின் சின்னக் கண் விரிந்தது. ஐம்பது முள்! இந்தக் கஞ்சன் எங்கேயோ ஒரு நிலத்தை மறைத்து வைத்திருக்கிறான், இந்தப் பைத்தியக்காரக் குட்டி உளறிவிட்டது என்று நினைத்தது. மனதுக்குள்ளேயே நீளம் பதின்மூன்று, அகலம் பன்னிரண்டு என்று வரிசை வரிசையாகக் கிழங்கை அடுக்கிப் பார்த்தது. அடுக்க அடுக்க எச்சில் ஊறியது. அப்பன் சுதாரித்துக்கொள்வதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

"சம்மதம்!" என்று கத்தியது. "கயிறு ஐம்பது இருந்தா போதும், எனக்குச் சம்மதம். யானையாரே, நீங்கதான் சாட்சி!"

"கயிறு ஐம்பது இருந்தால் போதுமா?" என்றார் யானையார்.

"போதும், போதும்!"

"உள்ளே எப்படி இருக்கும்னு பார்க்க வேண்டாமா பெரியப்பா?" என்றது நுணா.

"நிலம்னா நிலம்தான். நான் சொன்ன சொல் மாறமாட்டேன்."

"கேட்டேன்," என்றார் யானையார். தூக்கிய காலை மெல்ல ஓரமாகக் கீழே வைத்தார்.

நுணா இரண்டு கயிறுகளையும் இழுத்தது. ஒன்றின் நுனியை மற்றொன்றின் நுனியோடு முடிந்தது. மிச்சமிருந்த இரண்டு நுனிகளையும் முடிந்தது. இப்போது ஒரே பெரிய வளையம்.

"இருபத்துநாலும் இருபத்தாறும் ஐம்பது. எண்ணிப் பாருங்க."

குரங்கு இறங்கி வந்து எண்ணியது. "ஐம்பது சரிதான்."

நுணா வளையத்தை ஏற்கெனவே இறங்கியிருந்த ஒரு முளையில் மாட்டியது. மறுபக்கத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு கரையோரமாக நடந்தது. நடக்க நடக்கக் கயிற்றின் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. இன்னும் இழுத்தது. கயிறு விறைத்தது. இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தரையில் ஒற்றைக் கோடாகக் கிடந்தன.

அந்த முனையை ஒரு வேரில் மாட்டிவிட்டு நுணா சொன்னது.

"இந்தாங்க பெரியப்பா. ஐம்பது முள் நிலம். உள்ளே போங்க."

கோரையன் அந்தப் பக்கம் பார்த்தது, இந்தப் பக்கம் பார்த்தது. மூக்கை நீட்டி முகர்ந்தது. கயிற்றுக்கு நடுவே ஒரு எறும்பு புகுந்து, நடக்க இடமில்லாமல் கயிற்றின் மேலேயே ஏறிப் போனது.

"என்ன இது!" கோரையன் உறுமியது. "இதுக்குள்ள என் மூக்குகூட நுழையாதே! ஒரு கிழங்கு நட முடியுமா இதிலே? சுத்தி எத்தனை முள் இருந்தா என்ன, உள்ளே ஒண்ணுமே இல்லையே!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அதற்கு உறைத்தது.

 சலங்கையனின் நிமிர்ந்த முட்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. அது தரையில் கிடந்த அந்தக் கோட்டைப் பார்த்தது. பிறகு மூன்று முளை இறங்கிய ஓடைக்கரை நிலத்தைப் பார்த்தது. கோடு மாதிரி மெலிந்து நீண்டு கிடந்தது அது. சலங்கையன் அதன் குறுக்கே போய் நின்றது. முன்கால் ஒரு ஓரத்திலும் பின்கால் இன்னொரு ஓரத்திலும் இருந்தன.

"பங்காளி," என்றது மெதுவாக. "இதிலே எத்தனை கொடி நடலாம்னு உனக்குத் தெரியும். இல்லையா?"

கோரையன் வேறு பக்கம் பார்த்தது. "நீதானே முடிச்சை எண்ணினே? நான் ஒரு வார்த்தை பொய் சொன்னேனா?"

"சொல்லவில்லை," என்றார் யானையார். "நீ கேட்டதும் ஐம்பது முள் கயிறு. கிடைத்ததும் ஐம்பது முள் கயிறு. போய் உன் புது நிலத்தில் படுத்துக்கொள்."

"பெரியப்பா, ஒருக்களிச்சுப் படுங்க, இடம் பத்தும்!" என்றது குரங்கு.

காடே சிரித்தது. கோரையன் வாலை முறுக்கிக்கொண்டு, ஓடையைச் சேறாக்கிக்கொண்டு அக்கரைப் புதருக்குள் போய் மறைந்தது. யானையார் தாம் இறக்கிய மூன்று முளைகளையும் தும்பிக்கையால் பிடுங்கி ஓடையில் எறிந்துவிட்டுப் போனார். மயிலும் மானும் போயின. குரங்கு மட்டும் போகும் வழியெல்லாம் அந்தக் கதையைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே போனது.

அப்பாவும் மகளும் மிஞ்சினார்கள்.

"வீட்டுப்பாடத்துல என்ன எழுதப் போறே?" என்று கேட்டது சலங்கையன்.

"ஒரு வரிசைக்கு ஏழு, அஞ்சு வரிசை. முப்பத்தஞ்சு."

"காலையில நான் சொன்னது தப்பு." சலங்கையன் அதை ஓடையைப் பார்த்துச் சொன்னது. அப்படி ஒரு வார்த்தை அதன் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. "நீ பரப்பின இலையெல்லாம் அங்கேயேதான் இருக்கா?"

"இருக்கும்பா. கல்லு வச்சிருக்கேன்."

"எடுத்துடாதே. நான் ஒரு தடவை எண்ணிப் பார்க்கணும்."

தூரத்தில் மரங்கொத்தி மரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் கூடுகிறது. நுணா துள்ளிக்கொண்டு ஓடிவிட்டது.

சலங்கையன் வேரிலிருந்து கயிற்றைக் கழற்றியது. முதுகில் சுற்றப் போனது. பிறகு என்ன நினைத்ததோ, கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு, வழியில் கிடந்த ஒரு தேக்கிலையைக் கவ்விக்கொண்டு, சலசலவென்று மேட்டில் ஏறிப் போனது.

நீதி: எல்லை எவ்வளவு நீளம் என்று பார்த்து மயங்காதே, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று நிரப்பிப் பார்.